இருபத்திரண்டு ஆள் இஞ்சின்

1943 பிப்ரவரி 8, திங்கள்

டிராக்டர் இன்றும் தோற்றது. எட்டாம் நம்பர் காட்டில் ஒரே ஒரு ரப்பர் அடிக்கட்டை. மூன்று தடவை சங்கிலி போட்டு இழுத்தோம். மூன்று தடவையும் இஞ்சின் இருமிவிட்டு நின்றது. பிறகு ஆட்கள் வந்து, வேரைச் சுற்றித் தோண்டி, கயிறு கட்டி அரை மணியில் எடுத்துப் போட்டார்கள். எடுத்தவர்கள் டிராக்டரைப் பார்த்துச் சிரித்தார்கள். டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தது நான்.

துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது விட்டுப்போன வண்டி இது. ரப்பர் பால் பீப்பாய் இழுக்க வாங்கிய சின்ன டிராக்டர், பெட்ரோலுக்குச் செய்த இஞ்சின். பெட்ரோலெல்லாம் ஜப்பான் பட்டாளத்துக்கு. எங்களுக்கு ரப்பர் எண்ணெய். ரப்பர் ஷீட்டை டிரம்மில் போட்டுக் காய்ச்சி, வருகிற ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. மரத்திலிருந்து எடுத்த எண்ணெயை வைத்து மரத்தைப் பிடுங்குகிறோம்.

முந்நூறு ஏக்கர் கிழட்டு ரப்பரை அழித்து மரவள்ளி போடவேண்டும் என்று உத்தரவு. உத்தரவு போட்டவர் மொரிதா. பட்டாளத்துக்காரர் இல்லை, கம்பெனி ஆள். ஆனாலும் இடுப்பில் கத்தி உண்டு. இன்று வந்து, டிராக்டரைச் சுற்றி ஒரு தடவை நடந்து, கடைவீதி மலாயில் இரண்டே வார்த்தை சொன்னார். "காசி குவாட்." பலமாக்கு.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 9

இந்த நோட்டு, ரப்பர் ஷீட் போடுகிற ஸ்டோர் இஞ்சினுடையது. எத்தனை மணிக்கு ஓட்டினேன், எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று பதினேழு வருஷம் எழுதினேன். ஸ்டோர் இஞ்சின் நின்று ஒரு வருஷமாகிறது. கை நிற்கவில்லை. ஆகவே டிராக்டரைப் பற்றி எழுதுகிறேன்.

பெரட்டு மணி, காலையில் ஆள் எண்ணுகிற மணி, ஏழு. தோக்கியோ நேரமாம். கோழிகளுக்கு இன்னும் ஐந்தரைதான்.

பிப்ரவரி 10

கார்புரேட்டரைக் கழற்றி எல்லாச் சாமானையும் சோற்றுத் தட்டில் பரப்பினேன். செல்லாயி வந்து பார்த்தாள்.

"இதுல இனிமே யாரு சோறு திங்கிறது?"

சோறு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாக என் மனைவி. எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும்.

விஷயம் இதுதான். எண்ணெயையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுவது கார்புரேட்டர். எண்ணெய் வருகிற ஊசித் துளைக்கு ஜெட் என்று பெயர். பெட்ரோல் தண்ணீர் மாதிரி, அந்தத் துளையில் ஓடி வரும். ரப்பர் எண்ணெய் கஞ்சி மாதிரி. அது யோசித்து யோசித்து வருகிறது. அதற்குள் இஞ்சினுக்குப் பசி வந்து செத்துவிடுகிறது.

பிப்ரவரி 17

சைக்கிள் கம்பியைத் தட்டையாக்கி, தீட்டி, ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினேன். நான்கு நாள் வேலை.

இஞ்சின் ஓடியது என்று சொல்ல முடியாது. புகைந்தது. கோலா கெத்தில் டவுன் வரைக்கும் தெரிந்திருக்கும். மொரிதா வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தார். காரணம் சொல்லவில்லை. காரணம் எண்ணெய் அதிகம், காற்று குறைவு.

பிப்ரவரி 20

இருளப்பன் ஒரு யோசனை சொன்னான். செல்லாயியின் தம்பி. இருபத்தாறு வயது. கட்டையில் சங்கிலி மாட்டுவது அவன் வேலை. இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"மச்சான், கஞ்சி கெட்டியா இருந்தா சுட வச்சா எளகிடும் லா."

போடா என்றேன். பிறகு ஒரு மணி நேரம் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

பிப்ரவரி 27, சனி

எழுதிவைக்க வேண்டிய நாள்.

ஒன்று: எண்ணெய் வருகிற செப்புக் குழாயைப் புகைக்குழாயில் ஒன்பது சுற்று சுற்றினேன். எண்ணெய் சூடாகி இளகி வருகிறது. இது இருளப்பன் யோசனை. அவன் பெயரை எழுதிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. அடுத்தது கார்புரேட்டரின் கழுத்து. அதற்குள் ஒரு பித்தளை வளையம், காற்றைக் குறுக்கி விடுவதற்கு. அதை ராவி ராவி ஒரு நூல் அகலம் கூட்டினேன். இப்போது காற்றும் வேண்டிய அளவு வருகிறது. இஞ்சினோடு சேருகிற இடத்தில் வார்ப்பு முண்டும் முடிச்சுமாக இருந்தது. உள்ளங்கை மாதிரி வழித்துவிட்டேன்.

ஒரு சிரட்டை பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் ரப்பர் எண்ணெய்க்குத் திருப்பினேன். சத்தமே மாறிவிட்டது. அடித்தொண்டையில் பேசுகிறது.

எட்டாம் நம்பரில் பெரிய கட்டையாகப் பார்த்து இருளப்பன் சங்கிலி மாட்டினான். இழுத்தேன். ஒரே இழுப்பு. வேர், மண், கரையான் புற்று எல்லாம் சேர்ந்து வந்தது. பயல் கட்டை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, இழுத்த இழுப்புக்கெல்லாம் கூடவே வந்தான். அவன் மனைவி மருதம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். கட்டிக்கொண்டு ஒன்பது மாதம்தான் ஆகிறது, புருஷன் செய்வதெல்லாம் வேடிக்கை.

செல்லாயி மட்டும், "அந்தத் தட்டு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

மார்ச் 15

இன்று முப்பத்தொரு கட்டை. இருளப்பன் பக்கத்துக் காட்டில் போய் எண்ணிவிட்டு வந்தான். பதினாறு ஆள் ஒரு நாளில் முப்பது எடுக்கிறார்கள். ஆக டிராக்டர் பதினாறு ஆள்.

"மச்சான், பதினாறு பேருக்கு ஒரு சங்கிலி மாட்டுறவன்னா நான் தண்டல் லா!" என்றான். ஆட்களை மேய்க்கிறவருக்குத் தண்டல் என்று பெயர். இன்று முழுக்க அவனை அப்படியே கூப்பிட்டோம்.

மார்ச் 22, திங்கள்

ஆபீசில் கூப்பிட்டார்கள். கணக்கெழுதுகிற கிராணி அருளம்பலம் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். துரை போன பிறகு ஆபீஸ் முழுக்க அவர்தான்.

"பரஞ்சோதி, மெஷின் இப்ப எத்தினை ஆளின்ரை வேலை செய்யுது? மொரிதா எழுதித் தரச் சொல்லுறார்."

"இருபத்திரண்டு" என்றேன்.

கிராணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நிச்சயமோ?"

"இருபத்திரண்டு, ஐயா."

பதினாறு என்பது சாதாரண எண்ணெயில். நல்ல எண்ணெய் கிடைத்தால் இருபது வரும். மேலே இரண்டு எனக்கு. பதினேழு வருஷத்தில் இந்தத் தோட்டத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மொரிதா ஒரு டின் மீன் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேர், இருளப்பன், மருதம்மாள். நான்கு பேரும் தின்றோம். இருளப்பன் டின்னை வழித்து நக்கி உதட்டை அறுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 19

சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு, துணி உண்டு என்கிறார்கள். சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் எடுக்கிறார்களாம். ஒரு தோட்டத்தில் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்களாம். என்ன படம் என்று யாருக்கும் தெரியவில்லை.

இஞ்சின் ஓடியது. முப்பத்து நான்கு.

மே 3, திங்கள்

காலைப் பெரட்டில் கிராணி ஒரு தாளை வாசித்தார். இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார். டிராக்டர் வந்தபடியால் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆள் மிச்சம். மிச்சமான ஆட்கள் சயாமுக்குப் போகவேண்டும். வியாழக்கிழமை லாரி.

பிறகு பெயர்கள்.

பத்தொன்பதாவது பெயர் இருளப்பன்.

மே 4

ஆபீசுக்குப் போனேன். சங்கிலி மாட்டுகிற ஆளை எடுத்தால் டிராக்டர் எப்படி ஓடும் என்று கேட்டேன். சங்கிலி ஒரு கிழவனும் மாட்டுவான் என்றார் கிராணி. வயது பார்த்து, இளந்தாரிகளை முதலில் போட்டாராம். அப்படித்தான் கேட்டார்களாம்.

"ஐயா. உண்மையில பதினாறுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன பதினாறு?"

"டிராக்டர். பதினாறு ஆள் வேலைதான் செய்யும். இருபத்திரண்டுன்னு... நான் சும்மா சொல்லிட்டேன்."

பைலைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கோணும். காயிதம் அலோர் ஸ்டார் பெரிய ஆபீசுக்குப் போயிட்டுது. இப்ப நான் குறைச்சால் என்ரை தலைதான் போகும். எழுதினது நான். சொன்னது நீர்."

நியாயம்தான். வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். பதினாறு பேர் என்றால் பதினாறாவது பெயரோடு முடிந்திருக்கும். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இந்த ஆறு பேரும் பதினாறும் ஒன்றா? அந்தப் பதினாறு பேரையும் இஞ்சினைப் பலமாக்கி நான்தானே —

மொரிதாவிடம் போனேன். வாயைத் திறக்குமுன் கன்னத்தில் ஒன்று வைத்தார். இந்தத் தடவை காரணம் தெரியவில்லை.

மே 6, வியாழன்

லாரி வந்தது. ஏறினார்கள்.

இருளப்பனுக்கு மருதம்மாள் சாக்குத் துணியில் ஒரு சட்டை தைத்திருந்தாள். போட்டுக்கொண்டு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினான், அக்குளில் அரிக்கிறதாம். சயாமில் நல்ல துணி தருவார்கள், வரும்போது எல்லோருக்கும் கொண்டு வருகிறேன் என்று செல்லாயியிடம் சொன்னான்.

என்னிடம், "மச்சான், கொக்கி ஆணி வளஞ்சிருக்கு. மாத்திருங்க. அறுந்து அடிச்சா யாருக்காச்சும் கால் போயிரும்" என்றான்.

மாற்றிவிட்டேன்.

மே 7

இஞ்சின் ஓடியது.

மே 8

இஞ்சின் ஓடியது.

மே 20

செல்லாயி இன்று பேசினாள். "உப்பு இல்ல" என்றாள்.

இருபத்திரண்டைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. கிராணிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஜூன் 7

மருதம்மாள் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு மாதமாகச் சங்கிலிக்கு நிற்க ஆள் யாரும் முன்வரவில்லை. இன்று அவளே வந்து சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"பொம்பள வேல இல்ல இது" என்றேன்.

"மாட்டுறது எப்படின்னு தெரியும்ணே. அவரு தூக்கத்துல கூட அதத்தான் சொல்லுவாரு."

நன்றாகவே மாட்டுகிறாள். என் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை. கட்டையைத்தான் பார்க்கிறாள். வேலைக்கு அதுதான் நல்லது.

ஜூலை 19, திங்கள்

கிராணி ஸ்டோருக்கு வந்தார். அவர் இங்கே வருவதே இல்லை. எண்ணெய் டிரம்மைப் பார்ப்பதுபோல் நின்று பேசினார்.

"இந்த வேகத்திலை போனால் முந்நூறு ஏக்கரும் செப்டம்பரிலை முடியும். முடிஞ்சால் எல்லாரும் மிச்சம். அறுபத்தொரு ஆம்பிளையள் இருக்கிறினம். பெண்டுகளையும் கேக்கினமாம்."

"முடியலன்னா?"

"முடியாட்டில், தோட்டத்திலை வேலை இருக்கு, ஆள் தர ஏலாதெண்டு எழுதலாம்." டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "நான் இதைப் பற்றி உம்மோடை கதைக்கேல்லை."

போய்விட்டார்.

மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டரை வாரம். சயாமுக்குப் போன ஒருவரிடமிருந்தும் ஒரு வரி இல்லை.

ஜூலை 21

கார்புரேட்டரை மறுபடி கழற்றினேன். பெரிதாக்கிய கழுத்தைத் திரும்பச் சின்னதாக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் அது தேவையும் இல்லை. பிஸ்கட் டின் தகட்டில் ஒரு வட்டம் வெட்டினேன். நடுவில் சட்டைப் பொத்தான் அளவு துளை. கார்புரேட்டரும் இஞ்சினும் சேருகிற இடத்தில் இரண்டு பேக்கிங் அட்டை உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே தகட்டை வைத்து முடுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இஞ்சின் துளை வழியாக மூச்சு விடவேண்டும், அவ்வளவுதான்.

பலமாக்கியதற்கு மூன்று வாரம். கெடுத்ததற்கு முக்கால் மணி. வேலை என்று பார்த்தால் இதுவும் சுத்தமான வேலைதான்.

ஜூலை 22

பதினேழு கட்டை. ஒரேயடியாக இறங்கிவிட்டது, தவறு. துளையைக் கொஞ்சம் ராவினேன்.

ஜூலை 26

இருபத்து நான்கு. இனி வாரத்துக்கு இரண்டு இரண்டாகக் குறைக்கவேண்டும். கிழவன் தளருகிற மாதிரி இருக்கவேண்டும். மூன்று தகடு வெட்டி வைத்திருக்கிறேன், மூன்று அளவுத் துளை.

மருதம்மாள் கேட்டாள். "அண்ணே, இஞ்சின் சத்தம் வேற மாதிரி இருக்கு."

"எண்ணெ மோசம்."

"ம்" என்றாள்.

ஆகஸ்ட் 12, வியாழன்

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு மொரிதா காட்டுக்கு வந்தார். டிராக்டர் பன்னிரண்டாவது கட்டையில் திணறிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தச் சொல்லவில்லை. கிட்டே வந்து இஞ்சின் மூடியில் காதை வைத்தார். டாக்டர் மாதிரி. ரொம்ப நேரம்.

அப்புறம்தான் சொன்னார், கம்பெனிக்கு வருமுன் மீன்பிடிப் படகில் இஞ்சின்காரராம். பதினொரு வருஷம். இத்தனை நாள் இது யாருக்கும் தெரியாது.

"புக்கா" என்றார். கழற்று.

எது என்று கேட்டேன். விரலால் நேரே கார்புரேட்டரைக் காட்டினார்.

இஞ்சின் சுடுகிறது, ஆறட்டும் என்றேன். கத்தியின் பிடியில் கையை வைத்துக்கொண்டு கட்டையில் உட்கார்ந்தார். ஆறும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மருதம்மாள் சங்கிலியைப் பிடித்தபடியே நின்றாள். நான் செல்லாயிக்கு என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். மரவள்ளி வேகவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

கழற்றினேன். அட்டை. அடுத்து தகடு. அடுத்து அட்டை. மொரிதா தகட்டை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்து, அந்தத் துளை வழியாக என்னைப் பார்த்தார். துளையில் அவர் கண் மட்டும் தெரிந்தது.

பிறகு சட்டை ஓரத்தில் தகட்டைத் துடைத்தார். ஒரு அட்டை, தகடு, ஒரு அட்டை. எடுத்த வரிசையிலேயே அவர் கையாலேயே திருப்பி வைத்தார். நட்டைக்கூட அவரே முடுக்கினார். நான் முடுக்குவதைவிட நன்றாக.

"எஞ்சின் துவா" என்றார். கிழட்டு இஞ்சின்.

எழுந்து இரண்டு அடி போனவர் திரும்பினார். "கெர்ஜா ஹாபிஸ், சாயா பெர்கி பர்மா." வேலை முடிந்தால் அவரைப் பர்மாச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது சிரித்தாரா என்று தெரியவில்லை. என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் போனதும் அவர் இருந்த கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருதம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னாண்ணே அது?"

"பேக்கிங்."

"ம்."

ஆகஸ்ட் 13

இஞ்சின் ஓடியது. இருபது. மொரிதா வந்தார், பார்த்தார், போனார்.

அக்டோபர் 19

எங்கள் கெடா மாநிலம் இனி சயாமுடையதாம். பண்டார் பாருவிலிருந்து வடக்கே எல்லாம் கொடுத்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் வேறு கொடி ஏற்றினார்கள். இருளப்பன் சயாமுக்குப் போனான், இப்போது நாங்களும் சயாமில்தான் இருக்கிறோம். செல்லாயி கேட்டாள்: "அப்ப நடந்தே வந்துரலாம்ல?"

மொரிதா போகவில்லை. கடிகாரம் மட்டும் சயாம் நேரத்துக்கு மாறியது.

1944 பிப்ரவரி 2

ஒன்பது கட்டை. மொரிதா மேலிடத்துக்கு எழுதிய தாளைக் கிராணி எனக்குச் சொன்னார். வேர் ஆழம், எண்ணெய் மட்டம், இஞ்சின் கிழடு. மூன்றும் பொய் என்று எவனும் சொல்ல முடியாது.

மார்ச் 27, திங்கள்

நாற்பது ஆள் வேண்டும் என்று காகிதம் வந்தது. பெண்கள் ஆனாலும் பரவாயில்லையாம். வேலை பாதி கூட முடியவில்லை, தர ஆள் இல்லை என்று கிராணி எழுதினார், மொரிதா முத்திரை குத்தினார். லாரி வந்து வெறுமனே திரும்பியது.

பக்கத்துத் தோட்டத்தில் நிறைத்துக்கொண்டு போயிருக்கிறது.

செப்டம்பர் 11

மருதம்மாளுக்குக் காய்ச்சல். ஐந்து நாளாகச் சங்கிலிக்கு வரவில்லை. முந்தாநாள் சொல்லாமல் கொள்ளாமல் செல்லாயி வந்து நின்றாள். முதல் கட்டையிலேயே சங்கிலியைத் தளர்த்தி மாட்டினாள், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே.

"இறுக்கி மாட்டு" என்றேன்.

"எதுக்கு?" என்றாள்.

இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1945 ஆகஸ்ட் 20, திங்கள்

சண்டை முடிந்துவிட்டதாம். இரண்டு நாளாக வதந்தி. இன்று காலை மொரிதா ஆபீஸ் முன்னால் காகிதங்களை எரித்தார். ஸ்டோருக்கு வந்து டிராக்டரைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். மத்தியானம் ஒரு லாரி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. பர்மாவுக்கு இல்லை.

முந்நூறு ஏக்கரில் நூற்று எண்பத்தேழு முடிந்திருந்தது.

நவம்பர் 14, புதன்

சயாம் போனவர்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இருபத்திரண்டு பேர் போனார்கள். ஏழு பேர் இறங்கினார்கள். ஏழாவது ஆளுக்குப் பிறகும் மருதம்மாள் லாரியின் பின்பக்கமே நின்றாள். டிரைவர் இறங்கிவந்து, உள்ளே யாரும் இல்லை என்று கதவைத் திறந்து காட்டினான்.

இறங்கியதில் முனியாண்டியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னை அண்ணே என்று கூப்பிட்டார். காலில் புண், எலும்பு தெரிகிறது. இருளப்பனோடு ஒரே கொட்டகையில் படுத்தவர்.

"மழக்காலம்ணே. கழிச்சல். ரெண்டு நாளுதான். மொத வருசமே."

எந்த மாதம் என்று கேட்டேன்.

"அங்க ஏதுண்ணே மாசம், கெழம. மழ பேஞ்சா மழக்காலம்."

மருதம்மாள் அழவில்லை. செல்லாயி அழுதாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

நவம்பர் 15

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் செல்லாயி அடுப்படியில் இருந்தாள். மருதம்மாள் வாசலில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். உட்காராமல் சொல்லியிருக்க முடியாது.

"மருதம்மா, அந்த லிஸ்டு... இருபத்திரண்டுன்னு சொன்னது நான்தான். பதினாறுதான் உண்மை. கிராணி கேட்டாரு, நான் பெருமைக்கு... பதினாறுன்னு சொல்லிருந்தா அவன் போயிருக்க மாட்டான்."

"தெரியும்ணே" என்றாள்.

"எப்படி?" என்றேன்.

"அவர ஏத்திவிட்ட மறுநாளு ஆபீசுக்குப் போனேன். எதுக்கு என் புருசன்னு கேட்டேன். கிராணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல? ரெண்டு வருசம். ரெண்டரை வருசம். தெனமும் என் பக்கத்துல —"

"கேக்கத்தான் சங்கிலி புடிக்க வந்தேன். இன்னைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு இருந்தேன். அப்பறம் இஞ்சின் சத்தம் மாறிப்போச்சு. நீங்க என்னா பண்றீங்கன்னு புரிஞ்சிப்போச்சு." கால்விரலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதுக்கப்பறம் எப்படிண்ணே கேக்கிறது? கேட்டா உங்க கை நடுங்கும். கை நடுங்கினா அந்தத் தகட எவனாச்சும் கண்டுபுடிச்சிருவான். மிச்சம் இருக்கிற சனத்த யாரு காப்பாத்துறது?"

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க" என்றாள். "அது வேற."

"சரிம்மா."

செல்லாயி உள்ளேயிருந்து, "கஞ்சி ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்றாள். அவள் குரலில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அப்போதுதான் விளங்கியது, அவளுக்கும் தெரியும்.

மூன்று பேரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 16

இருளப்பன் பெயரோடு மற்ற ஐந்து பெயரும் எனக்கு வரிசையாகத் தெரியும். அந்த ஐந்து வீட்டுக்கும் போகவேண்டும். இரண்டு வீட்டில் ஆள் திரும்பியிருக்கிறது. திரும்பின வீட்டுக்கும் போகத்தான் வேண்டும். அதற்குப் பிறகு, முதல் பதினாறு வீடு.

செல்லாயி கூட வருகிறேன் என்றாள்.

நவம்பர் 29, வியாழன்

இருபத்தொரு வீடும் போயாயிற்று. ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அடித்தார்கள். மற்ற வீடுகளில் உட்காரச் சொன்னார்கள், அது அடியைவிடச் சிரமம். ஒரு வீட்டில் யாருமே மிச்சமில்லை.

டிசம்பர் 3, திங்கள்

இருளப்பனுக்குத் திவசம் கொடுக்க ஒரு நாள் வேண்டும். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்று கோயில் பண்டாரம் சொன்னார். மருதம்மாள் ஒப்பவில்லை.

"அமாவாச எல்லாருக்கும் பொது. அவருக்குன்னு ஒரு நாளு வேணும்." என்னிடம் திரும்பினாள். "நீங்கதான் தேதி எழுதி வைக்கிறவரு. ஒரு நாளு சொல்லுங்க."

நோட்டை எடுத்து அந்த மழை மாதங்களைப் புரட்டினேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். பக்கம் பக்கமாக இஞ்சின் ஓடியது, இஞ்சின் ஓடியது என்றே இருக்கிறது. ஓடாத நாள் ஒன்றே ஒன்று. அடைமழை, காட்டுக்குப் போகவில்லை, இஞ்சினைக் கிளப்பவே இல்லை.

"ஆகஸ்டு இருபத்து நாலு" என்றேன்.

"என்னா கெழம?"

"செவ்வா."

"செவ்வா" என்றாள். மறக்காமல் இருக்க இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து போய்ப் பண்டாரத்திடம் சொன்னாள்.